தங்கச்சிமடத்து முன்சப்பைக் கறியும் என் பையிலிருந்த தெர்மாமீட்டரும்

இந்தப் பக்கத்தில் நான் எழுதுவது பெரும்பாலும் பேருந்துக் கட்டணமும் கோயில் நடை சாத்தும் நேரமும்தான். இந்த முறை ஒரு கறிச்சட்டியைப் பற்றி எழுதுகிறேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி சரவணனோடு தங்கச்சிமடம் போயிருந்தேன். அங்கே ஒரு மீனவர் வீட்டில் பன்றியின் முன்சப்பையை, அதாவது முன்காலின் தோள்பகுதியை, கரியடுப்பில் நாலு மணி நேரம் வைத்துச் சமைத்தார்கள். பார்த்தேன், சாப்பிட்டேன். ஆனால் போனது அதற்காக இல்லை. அந்த வீட்டுப் பெண் ஸ்டெல்லாவைத் தம்பிக்குப் பேசத்தான் போனோம். கிளம்பியதிலிருந்து நான் பயந்துகொண்டேதான் இருந்தேன். அதை விட்டுவிட்டுக் கறியை மட்டும் எழுதினால் கட்டுரை பாதிப் பொய்யாகிவிடும். தம்பி படித்துவிட்டு, "போடுக்கா" என்று சொன்ன பிறகுதான் போடுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காலை, குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்த தம்பி அப்படியே சாய்ந்து விழுந்தான். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வாயில் பற்பசை நுரையா வேறு நுரையா என்று தெரியவில்லை. அம்மா அவன் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். நான் ஏதாவது செய்தேனா என்றால், அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். மதுரையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, நாடாப்புழுவின் முட்டை உடம்புக்குள் போய் மூளையில் சின்னக் கட்டியாகத் தங்கியிருக்கிறது என்றார்கள். மாத்திரையில் கட்டி சுருங்கிவிட்டது. அதன் பிறகு வலிப்பு வரவில்லை. ஆனாலும் காலையும் இரவும் மாத்திரை நிற்கவில்லை.

நயினார்கோவில் பக்கம் எங்கள் ஊரில் டாக்டருக்கு முன்னாலேயே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். தம்பி கல்லூரி விடுதியில் இருந்தபோது கூட்டாளிகளோடு தின்ற பன்றிக்கறிதானாம். டாக்டர் சொன்னது வேறு. வேகாத கறியில் புழு இருந்தால் அது குடலில்தான் வளரும். மூளைக்குப் போகும் முட்டை, அந்தப் புழு வயிற்றில் இருக்கும் யாரோ ஒருவரின் கழுவாத கை வழியாக, அழுக்குத் தண்ணீர் வழியாக, கழுவாத பச்சைக் காய்கறி வழியாக வருவது. கறியே தொடாதவர்களுக்கும் வரும் என்றார். நான் பி.எஸ்ஸி. படித்தவள், எனக்குப் புரிந்தது. ஆனால் பயம் டாக்டர் பேச்சைக் கேட்பதில்லை. பன்றிக்கறி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அந்தக் குழாயடிதான் ஞாபகம் வரும்.

தம்பியும் ஸ்டெல்லாவும் ராமநாதபுரத்தில் ஒரே துணிக்கடையில் வேலை பார்க்கிறார்கள். வீட்டில் கோயில், சர்ச் என்று இரண்டு பக்கமும் முறுக்கிக்கொண்டு நின்றது தனிக் கதை. கடைசியில் அய்யா, அதாவது எங்கள் அப்பா, "நீ முதல்ல போய்ப் பாத்துட்டு வா, பெறகு நாங்க வாரோம்" என்று என்னை அனுப்பினார். கிளம்பும்போது அம்மா என்னை மட்டும் மாட்டுக்கொட்டகைப் பக்கம் கூப்பிட்டு, "வலிப்புன்னு வாயத் தொறந்துறாத. பொண்ணு வீடு கதவச் சாத்திரும். இந்த ஒண்ணு நின்னுச்சுன்னா அவனுக்கு வேற யாரு பொண்ணு தருவா" என்றார். தம்பி ஸ்டெல்லாவிடம்கூடச் சொல்லவில்லை என்பது எனக்குப் பேருந்தில்தான் தெரிந்தது. அதோடு அவன் இன்னொன்றும் சொன்னான். அந்த வீட்டில் மாப்பிள்ளை முதன்முதலாகச் சாப்பிட உட்காரும்போது, மாமியார் பன்றிக்கறிச் சட்டியின் முதல் துண்டை அவன் இலையில்தான் வைப்பாராம். அவன் கடித்த பிறகுதான் மற்றவர்கள் கை நனைப்பார்கள். வேண்டாம் என்றால் பெண்ணை வேண்டாம் என்ற மாதிரி.

என் கைப்பையில் ஒரு சமையல் தெர்மாமீட்டர் இருந்தது. ஆன்லைனில் நானூற்று ஐம்பது ரூபாய். கறிக்குள் ஊசியைக் குத்தினால் சூடு எத்தனை என்று காட்டும். எழுபது டிகிரிக்கு மேல் போனால் எந்தப் புழுவும் பிழைக்காது என்று படித்திருந்தேன். சிரிக்காதீர்கள். பயந்தவளுக்கு ஒரு ஊசிகூட ஆயுதம்தான்.

இனி வழி. நயினார்கோவிலில் காலை ஆறேகாலுக்கு ராமநாதபுரம் பேருந்து. நகரப் பேருந்து என்பதால் எனக்கு இலவசம், தம்பிக்கு இருபத்தெட்டு ரூபாய். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். ராமநாதபுரத்தில் ராமேஸ்வரம் வண்டி எப்போதும் நிற்கும். தங்கச்சிமடத்துக்கு ஆளுக்கு நாற்பத்தைந்து ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். பேருந்து நிலையத்தில் ஒருவர் தட்டில் வெள்ளரிக்காய் கீறி மிளகாய்ப்பொடி தூவி விற்றுக்கொண்டு வந்தார். தம்பி இரண்டு வாங்கி ஒன்றை என்னிடம் நீட்டினான். பேசிக்கொண்டே தின்று முடித்து, உச்சிப்புளி தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. கழுவாத பச்சைக் காய், யாருடைய கையோ, எந்தத் தண்ணீரோ. டாக்டர் எதைச் சொன்னாரோ அதையே வாங்கித் தின்றுவிட்டு, நாலு மணி நேரம் வேகும் கறிக்கு ஊசி கொண்டு போகிறேன். அங்கிருந்து மண்டபம் வரை நாக்கெல்லாம் கசந்தது.

பாம்பன் பாலத்தில் வண்டி ஏறியதும் தம்பி எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய் நின்றான். இரண்டு பக்கமும் கடல், நல்ல காற்று, பயணம் போகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். எனக்கு வலிப்பு நினைப்புத்தான். இப்போது அவனுக்கு வந்தால் என்ன ஆகும்?

"ஏலே, உள்ள வந்து உக்காரு" என்றேன்.

"ரெண்டு நிமிசம்க்கா, தண்ணியப் பாத்துட்டு வாரேன்."

நான் போய் அவன் சட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டேன். கண்டக்டர் பார்த்துவிட்டு, "என்னக்கா, தம்பி என்ன பால்குடிப் புள்ளையா?" என்றார். வண்டியில் நாலு பேர் சிரித்தார்கள். தம்பி முகம் சுண்டிப்போய் உள்ளே வந்து உட்கார்ந்தான். பாலம் முடியும்வரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தான். நானும் அவன் சட்டையை விடவில்லை.

தங்கச்சிமடத்தில் இறங்கும்போது மணி ஒன்பதரை. கடற்கரைத் தெருவுக்கு ஆட்டோ அறுபது ரூபாய். ஸ்டெல்லாவின் அப்பா பிரான்சிஸ் மாமா சொந்தமாக வள்ளம் என்னும் படகு வைத்துத் தொழில் பார்க்கிறவர். ஞாயிறு அன்று அந்தத் தெருவில் யாரும் கடலுக்குப் போவதில்லை. சர்ச்சில் காலைப் பூசை முடிந்து எல்லோரும் வெள்ளையும் சொள்ளையுமாக நின்றிருந்தார்கள். "வாங்கத்தா, வெயிலுக்கு முந்தியே வந்துட்டீக" என்று என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார் ஸ்டெல்லாவின் அம்மா லூர்து அத்தை. மாமா தம்பியைக் கூட்டிக்கொண்டு வலை பார்க்கக் கொல்லைக்குப் போனார். நான் அடுப்படிக்குப் போனேன். வாசனை ஏற்கெனவே வாசல்வரை வந்திருந்தது.

சமையல் கேட்கிறவர்களுக்காக, அத்தை சொன்னதைப் பொறுமையாகச் சொல்கிறேன். கறிக்கடையிலேயே தோலைத் தீயில் வாட்டிச் சுரண்டிக் கொடுத்துவிடுகிறார்கள். முன்சப்பையை எலும்போடு கைப்பிடி அளவுத் துண்டுகளாக வெட்டி, மஞ்சளும் கல்லுப்பும் போட்டுப் பிசைந்து, மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவுகிறார் அத்தை. அகலமான மண்சட்டியில் தோல்பக்கம் கீழே இருக்கும்படி அடுக்கி, மேலே உரித்த சின்ன வெங்காயமும் பூண்டும் இஞ்சியும். வறுத்து அரைத்த மிளகு, மல்லி, சீரகம், காய்ந்த மிளகாய். ஒரு கரண்டி வினிகர். எண்ணெய் கிடையாது, தண்ணீரும் கிடையாது. "தண்ணி ஒரு சொட்டு ஊத்தமாட்டோம். அதுவே விட்டு அதுவே குடிச்சுக்கிரும்" என்றார். கருவேலங்கரிக் கங்கில் சட்டியை ஏற்றி, மூடியின் மேலும் இரண்டு கங்கு வைக்கிறார். காலை எட்டு மணிக்குப் பூசைக்குப் போகுமுன் ஏற்றியது, பன்னிரண்டுக்குத்தான் இறங்கும்.

இந்தக் கறிக்கு இவ்வளவு நேரம் ஏன்? முன்கால் நாளெல்லாம் வேலை செய்யும் கால். அதில் நாரும் சவ்வும் அதிகம். அவசரமாக வேகவைத்தால் கயிறு. மெதுவான சூட்டில் மணிக்கணக்காகக் கிடந்தால் அந்தச் சவ்வு கரைந்து பசையாகிக் குழம்புக்கே ஒரு வழவழப்பைக் கொடுக்கிறது. கொழுப்பும் உருகி மேலே மிதக்கும். சத்தென்று பார்த்தால் புரதம் நிறைய உண்டு. நரம்புக்கு வேண்டிய பி1 வைட்டமின் ஆட்டிலும் கோழியிலும் இருப்பதைவிட இதில் கூடுதல். கூடவே கொழுப்பும் கூடுதல்தான், அதை மறைத்துப் பயனில்லை. கொலஸ்ட்ரால் உள்ளவர்கள் மேலே மிதப்பதைக் கரண்டியால் எடுத்துவிட்டு, தோலை ஒதுக்கிவிட்டுச் சாப்பிடலாம். அத்தையே தனக்கு அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்.

பதினொன்றரை மணிக்கு அத்தை வாழை இலை நறுக்கக் கொல்லைக்குப் போனார். ஸ்டெல்லா முன்னறையில் பாய் விரித்துக்கொண்டிருந்தாள். அடுப்படியில் நானும் சட்டியும் மட்டும். நான் கங்கு சரியாமல் துணியால் மூடியைத் தூக்கி, பெரிய துண்டாகப் பார்த்து ஊசியைக் குத்தினேன். எண்கள் ஓடி, தொண்ணூற்று நாலில் நின்றன. எனக்கு உயிர் வந்தது. அந்த நிம்மதியில் திரும்பினால், கையில் இலையோடு அத்தை நின்றிருந்தார். பின்னால் ஸ்டெல்லா.

"யாரு மூடியத் தொறக்கச் சொன்னா?"

ஊசியை அவசரமாக உருவினேன். பிறகுதான் விவரம் சொன்னார்கள். அந்த வீட்டில் விசேஷச் சட்டியை நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு மூடுவார்கள். மூடிய கைதான் திறக்க வேண்டும். வேறு கை பட்டால் சமைத்தவளை நம்பவில்லை என்று அர்த்தம். நான் திறந்ததோடு நிற்காமல் ஊசி வேறு குத்தியிருக்கிறேன்.

"கறிக்குள்ள என்னத்தக் குத்துறீக?" அத்தை குரலை உயர்த்தவே இல்லை. "எங்க சட்டி சுத்தமில்லன்னு தோணுச்சுன்னா சாப்புடாமப் போயிருக்கலாமேத்தா. ஊசி கொண்டாந்து பாக்கணுமா? நாங்க மீன்காரவுக, பன்னி திங்கிறவுக. அது ஒங்களுக்குத் தெரிஞ்சுதான வந்தீக."

ஸ்டெல்லா கண் நிறைந்து நின்றாள். நான் சொல்லாமல் இருந்தால் இந்தக் கல்யாணம் இந்த நிமிடமே நின்றுவிடும். சொன்னால் அம்மா பயந்தபடி நின்றுவிடும். எப்படி வாய் திறந்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

"சுத்தம் பாக்கலத்தே. தம்பிக்கு வலிப்பு வந்துச்சு. ரெண்டு வருசத்துக்கு முந்தி. மாத்திரை போடுறான். பன்னிக்கறிதான் காரணம்னு ஊரே சொல்லிச்சு. எனக்குப் பயம். அதான்."

அத்தை இலையைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். கொல்லைக்குப் போய் மாமாவைக் கூப்பிட்டு உள்ளறைக்குள் போனார். ஸ்டெல்லாவும் அவர்கள் பின்னால் போனாள். கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

தம்பி வந்து முன்னறையில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். "சொல்லிட்டியா?" என்றான்.

"சொல்லிட்டேன்."

"சரி" என்றான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. எனக்கு அதைப் பார்த்து வேறு பயம் பிடித்துக்கொண்டது. மனசு அதிர்ந்தால் வரும் என்பார்களே, இங்கேயே, இப்போதே வந்துவிட்டால்? "காலையில மாத்திரை போட்டியா?" என்றேன். போட்டேன் என்றான். மறுபடியும் கேட்டேன். மறுபடியும் போட்டேன் என்றான். உள்ளறையில் மாமாவின் குரல் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை. பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். போகச் சொன்னால் உடனே எழுந்துவிடலாம்.

முதலில் வெளியே வந்தவள் ஸ்டெல்லா. நேராகத் தம்பி முன்னால் வந்து நின்று, "ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்றாள்.

"பயமா இருந்துச்சு."

"என்ன பயம்?"

"நீ போயிருவேன்னு."

அவள் அவன் எதிரே தரையில் உட்கார்ந்தாள். போய்விடவில்லை.

மாமாவும் அத்தையும் வந்தார்கள். அத்தை என்னிடம், "இதத் தின்னாத் திரும்ப வருமாத்தா? உள்ளதச் சொல்லுங்க" என்றார். டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். நன்றாக வெந்த கறியால் வராது, கழுவாத கையாலும் பச்சைக் காயாலும்தான் வரும் என்றேன். காலையில் தின்ற வெள்ளரிக்காயையும் சொல்லிவிட்டேன். அத்தை முகத்தில் லேசாக ஏதோ தளர்ந்தது. "நாலு மணி நேரம் கெடந்த சட்டிக்கு ஊசி, தட்டுல வந்த வெள்ளரிக்கு ஒண்ணும் இல்ல" என்றார். அந்தக் கேலிக்கு எனக்கு அழுகைதான் வந்தது.

மாமா தம்பியைப் பார்த்து, "கடல்ல இருக்கயில வந்தா என்னாகும் மாப்ள?" என்றார்.

மாப்ள என்ற சொல் என் காதில் விழுந்தது. ஆனால் அதைப் பிடித்துக்கொள்ளப் பயமாக இருந்தது.

"விழுந்துருவேன் மாமா" என்றான் தம்பி.

"அப்ப ஒண்ணு மட்டும் சொல்லிப்புடுறேன். வள்ளத்துல ஏறக்கூடாது. கல்யாணத்தன்னைக்குப் போட்டோ எடுக்கக்கூட. ஒங்க அய்யாகிட்டயும் இதச் சொல்லித்தான் பேசுவேன். மத்தது அவ பாடு, ஒங்க பாடு." ஸ்டெல்லாவைக் கைகாட்டிவிட்டு, கால் கழுவப் போனார்.

பன்னிரண்டரைக்கு இலை போட்டார்கள். அத்தை எல்லோரையும் சோப்பு போட்டுக் கை கழுவச் சொன்னார், என்னை இரண்டு முறை. பிறகு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு மறுபடி மூடியைத் திறந்து, ஒரு துண்டின் எலும்பை இரண்டு விரலால் இழுத்துக் காட்டினார். எலும்பு வெள்ளையாகக் கழன்று வந்தது. தோலும் கொழுப்பும் கறியும் ஒன்றாக ஒட்டிய துண்டு தம்பி இலையில் விழுந்தது. அவன் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். அவன் மெல்லுவதையே எல்லோரும் பார்த்தோம். விழுங்கிவிட்டு, "இன்னொண்ணு" என்றான். அதன் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. கறி நாக்கில் வைத்ததும் பிரிந்துபோனது. மிளகின் காரம் பின்னால் வந்து தொண்டையில் நின்றது. பயத்தோடு சாப்பிட்டும் அவ்வளவு ருசி என்றால், நிம்மதியாகச் சாப்பிடுகிறவர்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். கோயிலைச் சுற்றியுள்ள ஓட்டல்களில் இந்தக் கறியைத் தேடாதீர்கள், நான் பார்த்தவரை இல்லை. பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் தெரிந்த வீடு இருந்தால் ஞாயிறு பார்த்து, முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். கறிக்கும் கரிக்கும் பணம் கொடுத்தால் வாங்க மாட்டார்கள், பழமும் பிஸ்கட்டும் வாங்கிப் போகலாம். வீட்டில் சமைப்பவர்கள் எலும்பு தானாகக் கழலும்வரை இறக்க வேண்டாம், குக்கரை நம்பி அவசரப்படவும் வேண்டாம். பேருந்து நிலையத்தில் கீறி வைத்த காயை விட்டுவிட்டு, முழுக் காயாக வாங்கிக் கழுவிச் சீவித் தின்னுங்கள். யார் வீட்டுச் சட்டியையும் கேட்காமல் திறக்காதீர்கள். ராமநாதபுரம் திரும்ப மாலையில் வண்டிக்குப் பஞ்சமில்லை. எங்களுக்கு நாலரை வண்டி கிடைத்தது.

கடைசியாக ஒன்று. இது பயணக் குறிப்பு இல்லை, ஆனாலும் உங்களில் யாருக்காவது உதவும். சாப்பிட்டு முடித்ததும் ஸ்டெல்லா என்னிடம், "அக்கா, அவருக்கு வந்தா நான் என்ன செய்யணும்?" என்று கேட்டாள். டாக்டர் எனக்குச் சொல்லித் தந்ததைச் சொன்னேன். கையில் இரும்பு கொடுக்கக் கூடாது, வாயில் எதையும் வைக்கக் கூடாது, தண்ணீர் ஊற்றக் கூடாது, கை காலை அமுக்கிப் பிடிக்கக் கூடாது. சுற்றி இருப்பதை நகர்த்திவிட்டு, தலைக்குக் கீழே துணி வைத்து, துடிப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை என்றால் ஆஸ்பத்திரி.

"சொன்னாப் போதுமா? செஞ்சு காட்டுங்க" என்றார் அத்தை. தம்பியைப் பாயில் படுக்க வைத்தோம். நான் ஒரு முறை புரட்டிக் காட்டினேன். பிறகு ஸ்டெல்லா. பிறகு அத்தை, முந்தானையை மடித்துத் தலைக்குக் கீழே கொடுத்து. மாமா புரட்டிய வேகத்தில் தம்பி பாயை விட்டே உருண்டான், அத்தை அவர் கையில் ஒரு அடி போட்டார். எல்லோரும் இரண்டிரண்டு முறை செய்து பார்த்தார்கள். ஸ்டெல்லா மட்டும் மூன்றாவது முறையும் செய்தாள்.

பிறகு வாசலில் பேச்சு கல்யாணத் தேதிக்குப் போயிற்று. சட்டென்று எனக்குத் தம்பி ஞாபகம் வந்தது. அவன் பாயிலேயே அசையாமல் கிடந்தான், கண் மூடியிருந்தது. இரண்டு வருடமாக அவன் தூங்கும்போதெல்லாம் மூச்சு வருகிறதா என்று குனிந்து பார்ப்பவள் நான். எழுந்து ஓடினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸ்டெல்லா அவன் மூக்கருகே வைத்திருந்த விரலை எடுக்காமலே நிமிர்ந்து பார்த்தாள்.

"தூங்குறாருக்கா" என்றாள். "நான் பாத்துட்டேன்."